பி.எட். பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிக்கு வருகிறார்கள்: கைடு டீச்சர் என்னதான் செய்ய வேண்டும்?

சாக்பீஸ்துண்டு

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கு இரண்டாம் ஆண்டு பி.எட். பிள்ளைகள் வருகிறார்கள். கணக்குக்கு மட்டும் இரண்டு பேர். நேற்று எச்.எம். கூப்பிட்டு, "சார், நீங்கதான் கைடு டீச்சர்" என்று சொல்லி (அதாவது அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்), மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) ஆபீஸ் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்தார். கல்லூரிப் பெயர் இருக்கிறது, பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

வழக்கம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். லெசன் பிளானில் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு வகுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும், அந்த நேரத்தில் நாம் எமிஸ் வேலையை (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றுவது) பார்க்க வேண்டும். கடைசி நாளில் ஒரு குரூப் போட்டோ, ஒரு சுவர்க் கடிகாரம் அன்பளிப்பு. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்போது அப்படிப்பட்ட கடிகாரம் மூன்று தொங்குகிறது, ஒன்றுகூட சரியான நேரம் காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பதினாறு வாரம் ஒருத்தர் நம் பக்கத்தில் இருந்து வேலை கற்றுக்கொள்ள வருகிறார் என்றால் அதை இப்படியா கழிப்பது? கைடாக இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பயிற்சி முடித்தவர்கள் என்ன கிடைக்காமல் போனது என்று சொல்லுங்கள். கல்லூரிக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்கள் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள்.

கெடிலம்

சார், கோபப்படாதீர்கள், நடப்பைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் போன வருடம் இரண்டு பணியிடம் காலி. பயிற்சிப் பிள்ளைகள் வந்ததும் அவர்களை அங்கே போட்டோம். எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு அந்த நான்கு மாதம்தான் அறிவியல் பாடம் நடந்தது. அவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இதில் வழிகாட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இல்லை. பள்ளி ஓடியதா என்று கேட்டால், ஓடியது.

ரெக்கார்டுராணி

அந்த மாதிரி ஒரு பள்ளியில்தான் நான் போன வருடம் பயிற்சி முடித்தேன். இப்போது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதல் நாள் காலை பிரேயர் முடிந்ததும், "நீங்க பிசிக்கல் சயின்ஸா? ஒன்பது ஏ போங்க" என்றார்கள். அந்த வகுப்பில் எவ்வளவு பாடம் முடிந்திருக்கிறது, யார் எப்படி என்று ஒன்றும் தெரியாது. போனேன், நடத்தினேன். அதற்குப் பிறகு கடைசி வரை என் வகுப்பில் பின் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை. கல்லூரியிலிருந்து சார் வந்தார், பயிற்சிக்காக நாங்கள் எழுதி வைக்கும் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினார், சார்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், டீ குடித்தார், போனார்.

என் மனதில் நின்றுபோன ஒரு கணக்கு உண்டு. கல்லூரியில் மைக்ரோ டீச்சிங் என்று குட்டிப் பாடம் நடத்திப் பழக்குவார்கள் இல்லையா? 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் மறுபடி திட்டமிடல், 6 நிமிடம் மறுபடி பாடம், 6 நிமிடம் மறுபடி கருத்து. ஆக 36 நிமிடம். அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது எங்கள் கிளாஸ்மேட்டுகள். எல்லாரும் நல்ல பிள்ளைகள் மாதிரி நடிப்பார்கள். அந்த நடிப்புப் பாடம் 6 நிமிடத்துக்கு அவ்வளவு பேச்சு. பள்ளியில் நிஜப் பிள்ளைகளுக்கு முழு பீரியட் 45 நிமிடம் நடத்தினால் பேச்சு பூச்சியம். இது எந்த ஊர் நியாயம்?

லெசன் பிளானில் "மாணவர் செயல்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முந்தின நாள் இரவே "மாணவர்கள் ஆர்வத்துடன் கவனிப்பர்" என்று எழுதிவிடுவோம். அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது.

அப்புறம் கைக்காசு. உதவித்தொகை எதுவும் இல்லை. டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லாததால் பெண்கள் சமாளித்தோம். கூட வந்த பையன்கள் பாவம்.

மூன்றாம்மாடி

கல்வியியல் கல்லூரியில் வேலை பார்ப்பவள் நான். திட்டு வாங்கத்தான் வந்தேன், வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் பக்கத்தையும் வைத்துவிடுகிறேன்.

முதலில் விதி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைப்படி இரண்டு வருட பி.எட்.டில் களப்பயிற்சி மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அந்த 16இல் முதல் வாரம், வகுப்பாசிரியர் நடத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு. ஆக, ரெக்கார்டுராணியை முதல் நாளே ஒன்பது ஏ-வுக்கு அனுப்பியது விதிப்படியே தவறு. களப்பயிற்சிக்கு வருகை 90 சதவீதம் வேண்டும், மற்றப் பாடங்களுக்கு 80 போதும்.

இப்போது ஆள் கணக்கு. அதே விதிமுறையில், ஆண்டுக்கு 100 பேர் வீதம் இரண்டு ஆண்டும் சேர்த்து 200 மாணவர் உள்ள கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள். தாளில் இருக்கிற அத்தனை பேரும் உண்மையில் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு 100 பேர் சிதம்பரம், வடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று பல பள்ளிகளில் சிதறியிருப்பார்கள். இங்கே முதல் ஆண்டுக்கு வகுப்பும் எடுக்க வேண்டும். ஒரு பள்ளிக்குப் போனால் அங்கே தமிழ், கணக்கு, வரலாறு, ஆங்கிலம் என்று நான்கு பாடப் பிள்ளைகள் இருப்பார்கள். நான் தமிழ். கணக்குப் பாடம் சரியாகப் போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? சார்ட்டைத்தான் பார்ப்பேன்.

ரெக்கார்டு ஏன் இவ்வளவு என்றால், வருட முடிவில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து கமிஷன், அதாவது தேர்வாளர் குழு, வருகிறது. வருகிறவர்கள் அந்தப் பிள்ளையின் நாலு மாத வகுப்பைப் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிவது ரெக்கார்டு மட்டும்தான். அதனால் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அட்டைக்கு ஜிகினா ஒட்டுகிறார்கள்.

பாடத்தை உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரே ஆள் பள்ளியில் இருக்கும் அதே பாட ஆசிரியர்தான். அவருக்கு நாங்கள் கொடுப்பது ஒரு கடிதம், ஒரு மார்க் ஷீட். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதில்லை. இது எங்கள் பக்கக் குறை, மறுக்கவில்லை.

பெண்ணைக்கரை

தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். எனக்கும் கணக்குதான் பாடம்.

எங்கள் காலத்தில் பி.எட். ஒரே வருடம். பள்ளிக்குப் போவது சில வாரம். நீதிபதி வர்மா குழு 2012இல் ஆசிரியர் கல்வியை அலசி அறிக்கை கொடுத்தது, 2014இல் புது விதிமுறை வந்தது, 2015 சேர்க்கையிலிருந்து இரண்டு வருடமானது. பயிற்சி நாள் கூடினால் பயிற்சி கூடும் என்று நினைத்தார்கள். நாள் கூடியது. 2025இல் மறுபடி ஒரு வருடப் படிப்புக்கு வரைவு வெளியிட்டார்கள். இருக்கட்டும்.

தம்பி சாக்பீஸ்துண்டு, ஒரு வகுப்பைச் சொல்கிறேன், அதில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஏழாம் வகுப்பு, தசம எண்கள். பயிற்சிக்கு வந்த பெண் பலகையில் 3.5 என்றும் 3.12 என்றும் எழுதி, எது பெரியது என்று கேட்டாள். வகுப்பே "3.12" என்று கத்தியது. அவள் பதறவில்லை. "3.5க்குப் பின்னாடி ஒரு பூச்சியம் போடுங்க, 3.50 ஆயிடுச்சா? இப்ப 50 பெரிசா, 12 பெரிசா?" என்றாள். "50!" சரி, முடிந்தது என்று நினைத்தாள். அதோடு விட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியட்டும் என்று ரூபாய்க்குப் போனாள். "கடைக்காரர் மூணு புள்ளி அஞ்சு ரூபாய்ன்னா எவ்வளவு கொடுப்பீங்க?" மூன்றாவது பெஞ்சில் ஒருவன் எழுந்து, "மூணு ரூபாய் அஞ்சு காசு மிஸ்" என்றான். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பையன் ஏன்மா அஞ்சு காசுன்னு சொன்னான்?" முதலில், "கவனிக்கலை சார்" என்றாள். "கவனிக்காதவன் எழுந்து பதில் சொல்லுவானா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளே சொன்னாள்: அவனுக்குப் புள்ளி என்பது ஒரு வேலி. இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண். இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் காசு. அதே காரணத்தால்தான் 12 அவனுக்கு 5ஐ விடப் பெரிது. பூச்சியம் சேர்க்கும் தந்திரம் அவனுக்கு விடையைக் கொடுத்தது, எண்ணத்தை மாற்றவில்லை. ரூபாய் உதாரணம் அவன் எண்ணத்துக்கு இன்னும் பலம் சேர்த்தது.

மறுநாள் அவள் கிராஃப் தாள் வெட்டிக்கொண்டு வந்தாள். பத்தாகப் பிரித்த பட்டை, அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாகப் பிரித்த துண்டு. 3க்கு அடுத்து ஐந்து பங்கு தள்ளி 3.5. ஒரு பங்கும் இன்னும் இரண்டு சிறு பங்கும் தள்ளி 3.12. அந்தப் பையனையே கூப்பிட்டு நிறமடிக்கச் சொன்னாள். இந்த யோசனை நான் கொடுத்தது அல்ல. நான் கேட்டது ஒரு கேள்வி.

இதில் எதுவும் லெசன் பிளானில் இல்லை, ரெக்கார்டிலும் வராது. உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். பட்டியல் போட்டு, குரல் போதாது, கரும்பலகையில் எழுத்து சாய்கிறது, மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை என்று பத்துக் குறை சொல்லாதீர்கள். புதுப்பிள்ளை அன்று ராத்திரி அழும், மறுநாள் ஒன்றும் மாறாது.

கெடிலம்

ஐயா, நீங்கள் எச்.எம். நினைத்தால் போய் உட்காரலாம். எனக்கு வாரத்தில் 30 பீரியடுக்கு மேல். எங்கே உட்காருவேன்?

பெண்ணைக்கரை

அதைத்தான் எச்.எம்.மிடம் கேட்க வேண்டும். பயிற்சிப் பிள்ளை நடத்துவது உங்கள் வகுப்பைத்தானே? உங்கள் பீரியட் உங்களுக்கு ஏற்கெனவே காலி. அந்த நேரத்தில் உங்களை வேறு வகுப்புக்கு அனுப்பாமலிருந்தால் போதும். புதிதாக ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

பாகூர்பஸ்

புதுச்சேரி அரசுப் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்குத் தனித் தலைவலி. பாகூர்ப் பக்கம் இரண்டு ஊர் தாண்டினால் கடலூர் மாவட்டம், மறுபடி புதுச்சேரி, மறுபடி கடலூர் என்று எல்லை மாறி மாறி வரும். பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படிக்கிறார்கள். ஆனால் எங்கள் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. வருகிற பயிற்சி ஆசிரியர் தமிழ்நாட்டின் சமச்சீர் பாடத்தில் படித்து, அதே புத்தகத்தை வைத்து மாதிரி லெசன் பிளான் எழுதிப் பழகியிருப்பார். இங்கே வந்தால் கையில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், ஆங்கிலத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். பாவம், பாடத்தைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதி மறுபடி தமிழில் விளக்குகிறார்கள். இதைப் பற்றிக் கல்லூரியும் பள்ளியும் பயிற்சி தொடங்கும் முன்பு ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த முதல் மூன்று வாரத் தடுமாற்றம் இருக்காது.

நான் செய்வது இதுதான். முதல் வாரம் பாடம் நடத்த விடமாட்டேன். வகுப்பின் பெஞ்சு வரிசையை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை பெயரை எழுதச் சொல்வேன். நான் பாடம் நடத்தும்போது யாரைக் கேள்வி கேட்டேன், யார் தானாகப் பதில் சொன்னார் என்று அந்தந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டும். முதல் நாள் ஒரு தம்பி கொண்டுவந்து காட்டிய தாளில் கோடெல்லாம் ஜன்னல் ஓர வரிசையில் கொத்தாக இருந்தது. கதவுப் பக்கம் இரண்டு பெஞ்சு வெள்ளையாகக் கிடந்தது. "சார், இவங்களை நீங்க கேக்கவே இல்லை" என்றான். எனக்கே அது செய்திதான். இரண்டாவது வாரத்திலிருந்து அவன் நடத்தும்போது நான் கோடு போடுவேன். குறை சொல்லவே வேண்டாம், தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

மைசூர்ரிட்டர்ன்

இந்தப் பிரச்சினைக்கு வேறு இடங்களில் ஏற்பாடாகவே வழி செய்திருக்கிறார்கள். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் 1963இல் தொடங்கியது, நம் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லாம் அதன் எல்லைக்குள்தான். வளாகத்துக்குள்ளேயே செயல்விளக்கப் பள்ளி இருக்கிறது. காலையில் ஒரு முறையைப் பற்றிப் படித்துவிட்டுச் சாலையைக் கடந்து போய்ப் பார்க்கலாம். ஃபின்லாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகங்களின் கீழ் பள்ளிகள் இருக்கின்றன, அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியாளரை வழிநடத்துவதும் வேலையில் ஒரு பகுதி. ஆக்ஸ்ஃபோர்டில் 1987இல் தொடங்கிய திட்டத்தில் சாதாரண அரசுப் பள்ளிகளோடுதான் பல்கலை சேர்ந்தது. ஒரு பள்ளிக்கு ஒரு குழுவாகப் பயிற்சியாளரை அனுப்பி, பாடத்துக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியரைப் பள்ளியிலேயே வைத்து, அவரும் பல்கலை ஆசிரியரும் சேர்ந்தே பாடத்திட்டம் போட்டார்கள். பல்கலை சொல்வதைப் பள்ளியில் சோதித்துப் பார், பள்ளியில் பார்த்ததைப் பல்கலையில் கேள்வி கேள் என்பதுதான் அதன் அடிப்படை.

கெடிலம்

ஃபின்லாந்தை விடுங்கள் சார், பின்னால் இருக்கிற பண்ருட்டிக்கு வாருங்கள். அங்கே முந்திரி சீசனில் வகுப்பில் பாதிப் பிள்ளை இருக்காது.

மைசூர்ரிட்டர்ன்

ஆக்ஸ்ஃபோர்டில் சொன்னதில் ஒன்று பண்ருட்டிக்கும் ஒத்துவரும். ஒரே பாடத்துக்கு இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புவது. ஒருவர் நடத்த, இன்னொருவர் பார்க்கலாம். கைடு டீச்சருக்கு நேரமில்லாத நாளில்கூடப் பார்க்க ஒரு ஆள் உண்டு. காசு செலவில்லை.

மூன்றாம்மாடி

இதை நான் வழிமொழிகிறேன். எங்கள் விதிமுறையிலேயே சக மாணவர் பாடத்தைப் பார்ப்பது இருக்கிறது. நாங்கள் அதற்கும் ஒரு ரெக்கார்டு வைத்துக் கெடுத்துவிட்டோம்.

சாக்பீஸ்துண்டு சார், உங்களுக்குத்தான் இரண்டு கணக்குப் பிள்ளைகள் வருகிறார்களே? வேறு வேறு வகுப்புக்குப் பிரித்து அனுப்பாதீர்கள். எச்.எம். பிரிக்கத்தான் பார்ப்பார்.

ரெக்கார்டுராணி

கைடு டீச்சர் போடும் மதிப்பெண்ணுக்கு எடை கூட வேண்டும் என்பது என் கட்சி. இப்போது யார் போட்டாலும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். அதனால்தான் யாரும் அக்கறைப்படுவதில்லை.

பெண்ணைக்கரை

வேண்டாம் அம்மா. மார்க் என் கையில் இருந்திருந்தால் அந்தப் பெண் "கவனிக்கலை சார்" என்பதோடு நிறுத்தியிருப்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டும். மார்க் போடுகிறவரிடம் அதைச் சொல்ல முடியாது.

ரெக்கார்டுராணி

உங்களை மாதிரி இருந்தால் சரி ஐயா. எனக்குக் கிடைத்தவரிடம் மார்க்கும் இல்லை, பேச்சும் இல்லை. இதில் நான் மாறமாட்டேன்.

சாக்பீஸ்துண்டு

எல்லோருக்கும் நன்றி. இன்று எச்.எம்.மிடம் பேசினேன். இரண்டு பேரையும் ஏழாம் வகுப்புக்கே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஒருவர் நடத்த, மற்றவர் பார்ப்பார், வாரம் மாற்றி வாரம். அந்த பீரியடில் என்னை வேறு வகுப்புக்கு அனுப்புவதில்லை என்பதற்கு, "யாரும் லீவு போடாத வரைக்கும்" என்றார். அதுவே பெரிது. ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாற்காலி போடவும் கேட்டேன். போன முறை வந்தவர்கள் நூலக அறையில் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பள்ளியில் யாரோடும் பேசாமலே போய்விட்டார்கள்.

ஒரு சந்தேகம். ஆகஸ்டில் தொடங்கி 16 வாரம் என்றால் நவம்பர் முடிவு வரை போகிறது. நம் ஊர் நவம்பர் எப்படி என்று தெரியும். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்து, பல பள்ளி தொடர்ந்து மூடிக் கிடந்தது. மழை லீவு விழுந்தால் அந்த 90 சதவீதம் என்ன ஆகும்? நடுவில் காலாண்டுத் தேர்வு, அதற்கு விடுமுறை வேறு.

மூன்றாம்மாடி

எங்கள் கல்லூரியில், பள்ளி திறந்திருந்த நாளை வைத்துத்தான் சதவீதம் போடுகிறோம். உங்களுக்கு வரும் பிள்ளைகளின் கல்லூரியில் எப்படி என்று முதல் வாரமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். மழை வந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முக்கியமான பாடங்களைச் செப்டம்பரிலேயே நடத்த விடுங்கள். தேர்வு நாளையும் வீணாக்க வேண்டாம். விடைத்தாளை அவர்களோடு சேர்ந்து திருத்துங்கள். தவறுகளை வகை பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மார்க் கூட்டச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, கல்லூரிக்குப் போன் போட்டு, கணக்குப் பாடத்துக்கான ஆசிரியரை ஒருமுறையாவது பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பள்ளியிலிருந்து யாரும் கேட்பதில்லை, அதனால் நாங்களும் யார் கையில் நேரமிருக்கிறதோ அவரை அனுப்புகிறோம். கேட்டால் வருவார்கள்.

கெடிலம்

பாகூர்பஸ் சார், அந்தக் கட்டம் போட்ட தாளுக்கு ஒரு மாதிரி இருந்தால் அனுப்புங்கள். எங்களுக்கும் ஆறு பேர் வருகிறார்கள். காலியிடம் அப்படியேதான் இருக்கிறது, நான்கு பேர் அங்கே போய்விடுவார்கள். மீதி இரண்டு பேரை வைத்து முயன்று பார்க்கிறேன்.

பாகூர்பஸ்

மாதிரி எல்லாம் எதற்கு சார், ரஃப் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டால் முடிந்தது. பிள்ளைகள் திங்கட்கிழமை ஒரு இடம், புதன்கிழமை ஒரு இடம் என்று மாறி உட்காருவார்கள், அதனால் பெயரைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். கேள்விக்கு ஒரு நிறம், தானாகச் சொன்ன பதிலுக்கு ஒரு நிறம் இருந்தால் நல்லது. அந்த நாலு பேரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். பார்க்க ஆள் இல்லாத வகுப்பில் நடத்தினாலும் முடிந்ததும் கோடு போட்டுக்கொள்ளலாம்.